ஏழாவது குழி

கொம்பு ஊதியதும் செந்தாமரை கல் அள்ளும் சட்டியை அப்படியே போட்டுவிட்டு மேட்டுப் பக்கம் ஓடினாள். மற்றப் பெண்களும் ஓடிவந்தார்கள். வீடு உயரத்துக்கு நின்ற ஒரு பாறையின் பின்னால் பதினோரு பேரும் ஒருத்தி முதுகில் ஒருத்தி ஒட்டிக் குந்தினார்கள். கீழே, ரோட்டு வளைவில், மேஸ்திரி கண்ணாயிரம் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு, "ஜாக்கிரதே, ஜாக்கிரதே" என்று நீட்டிக் கத்தினார். எதிர் மலையில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வந்தது.

ஆலங்காயத்திலிருந்து நெல்லிவாசல்நாட்டுக்கு மலையை வெட்டி ரோடு போடும் வேலை. ஐந்து மாதமாக நடக்கிறது. செந்தாமரை முதல் நாளிலிருந்தே இருக்கிறாள். வெடித்துச் சிதறிய கல்லைச் சட்டியில் அள்ளிப் பள்ளத்துப் பக்கம் கொட்டுவது அவள் வேலை. புருஷன் மாதையன் சாமைக் காட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டான். அவளுடைய தம்பி அர்ச்சுனன் பாறையில் குழி போடுகிறவன். ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட ஜம்பர் கம்பியைத் தூக்கித் தூக்கிக் குத்தி, குத்துக்குக் குத்து திருப்பி, முழங்கை ஆழம் இறக்குவான். அப்புறம் அதில் தோட்டாவைத் திணித்துத் திரி வைத்து, மேலே களிமண்ணால் அடைப்பார்கள்.

அந்தக் களிமண்ணை ஓடையிலிருந்து எடுத்து வந்து உருட்டிக் கொடுப்பது செந்தாமரை. அன்று ஏழு குழி. ஏழு குழிக்கும் அவள்தான் உருட்டிக் கொடுத்தாள்.

வழக்கமாக வெடி வைக்கிற தங்கவேல் இருந்தால், பற்றவைத்துவிட்டு ஓடிவந்து இவர்களோடுதான் குந்துவார். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்குவார். எல்லா விரலும் கணக்குக்கு மடங்கினால்தான் ஆபத்து நீங்கியது என்று மறுபடி கொம்பு ஊத விடுவார். அவர் லைசென்ஸ் புதுப்பிக்க வேலூருக்குப் போய் மூன்று நாளாகிவிட்டது. அன்று தோட்டா திணித்ததும் திரி பற்றவைத்ததும் மேஸ்திரியே.

முதல் வெடி. தரை ஒரு முறை தூக்கிப் போட்டது. செந்தாமரை இடது கைச் சுண்டு விரலை மடக்கினாள். இரண்டு. மூன்று. நான்காவது வெடித்தபோது பாறையின் தலைக்கு மேலே சல்லி பறந்தது. ஐந்து. சற்றுப் பொறுத்து ஆறு.

ஏழாவதுக்காக அவள் வலது கையின் ஆள்காட்டி விரலை நீட்டியபடியே வைத்திருந்தாள். புகை மேலே ஏறிக் கலைந்தது. ஒரு காட்டுக்கோழி கத்தத் தொடங்கியது. அதற்குள் மறுபடி கொம்பு ஊதிவிட்டார்கள்.

"இன்னாக்கா, எழுந்திரு" என்றாள் பக்கத்தில் இருந்த அம்மாக்கண்ணு.

"இன்னும் ஒண்ணு இருக்குதுடி."

"உனக்குக் காது அடச்சிருக்கும்."

மற்றவர்கள் புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். செந்தாமரை கடைசியாக இறங்கினாள். விரலை மடக்காமலேயே மேஸ்திரியிடம் போனாள்.

"மேஸ்திரிங்களே, ஆறுதாங்க கேட்டுது. ஏழு வச்சீங்களே."

கண்ணாயிரம் அவளைப் பார்க்கவில்லை. ஜீப்பின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஓவர்சியரைத் திரும்பிப் பார்த்தார். ஓவர்சியர் ராஜேந்திரன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளைஞர். மடியில் நோட்டு இருந்தது.

"நாலாவதும் அஞ்சாவதும் சைமல்டேனியஸா ஃபயர் ஆகியிருக்கும்" என்றார் அவர். "அது நார்மல்தான்."

"கேட்டியா? சார் சொல்லிட்டாரு" என்றார் மேஸ்திரி.

"அப்படின்னா இன்னாங்க?"

"அப்படின்னா போய் வேலையப் பாருன்னு அர்த்தம்."

ஓவர்சியர் நோட்டில் இரண்டு சொல் எழுதி, கீழே கோடு போட்டார். கண்ணாயிரம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பின்னும் அவர் மேலுதட்டில் வேர்வை நின்றது.

அன்று முழுவதும் செந்தாமரை கல் அள்ளினாள். ஒவ்வொரு கல்லையும் முதலில் கையால் தொட்டுப் பார்த்தாள். புரட்டுவதற்கு முன் மூச்சை நிறுத்திக்கொண்டாள். மற்றவர்கள் கல்லைச் சட்டியில் வீசினார்கள். இவள் தூங்கும் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி வைத்தாள். யாராவது கடப்பாரையால் நெம்பினால் அவள் இரண்டடி தள்ளி நின்றாள். சாப்பாட்டு நேரத்திலும் பாறையைப் பார்த்தபடியே கூழ் குடித்தாள். சாயங்காலம் வேலை விட்டது. ஒன்றும் வெடிக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அர்ச்சுனன் சிரித்தான். "மெட்ராஸ் காலேஜுல படிச்சவரு சொல்றாரு, நீ விரல வச்சி எண்ணிக்கினு நிக்கிறே."

"தங்கவேலு அண்ணனும் விரலுலதான் எண்ணுவாரு" என்றாள் அவள்.

மறுநாள் காலை கல்லெல்லாம் வாரி முடிந்து பாறையின் அடி வெளியே தெரிந்தது. அர்ச்சுனன் புதுக் குழிக்கு இடம் பார்த்துக்கொண்டே போனவன் ஓரிடத்தில் குனிந்தான். பாறையில் ஒரு பழைய குழி இருந்தது. மேல் பாதி பக்கத்து வெடியில் பெயர்ந்து போயிருந்தது. அடிப் பாதி, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான ஆழத்துக்கு, அப்படியே நின்றது. அவன் கூப்பிட, மேஸ்திரி வந்தார். ஓவர்சியரும் வந்தார்.

"சாக்கெட்டு" என்றார் ஓவர்சியர்.

"அப்படின்னா?" என்றான் அர்ச்சுனன்.

"வெடிச்ச குழியோட மிச்சம்டா" என்றார் மேஸ்திரி. "அதுலயே ஜம்பர எறக்கு. பாதி வேல மிச்சம்."

அர்ச்சுனன் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தான். "உள்ள மண்ணு இருக்குதுங்க."

சட்டியோடு நின்ற செந்தாமரை கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். அவன் விரலில் ஒட்டி வந்தது சாம்பல் நிறப் பாறைத் தூள் அல்ல. சிவப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது. ஓடைக் களிமண். அதில் அவள் கலந்த கோரைத் தும்புகூடத் தெரிந்தது.

"சார், இது நா உருட்டிக் குடுத்த மண்ணுங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவு இறங்கியிருந்தது. "வெடிச்சிருந்தா மண்ணு பறந்திருக்குமே சார். அப்படியே இருக்குதே."

ஓவர்சியர் குனிந்து பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில் ஏதோ வந்து போனது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாதக் கடைசிக்குள் அந்த வளைவைத் தாண்டவேண்டும் என்று மேலிடத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"சாக்கெட்ல டெப்ரிஸ் இருக்கத்தான் செய்யும். நேத்தே ஆல் கிளியர் போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு ஜீப்பைப் பார்க்க நடந்தார்.

கண்ணாயிரம் அங்கேயே நின்றார். குழிக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். தோட்டா திணித்த கை அவருடையது. லைசென்ஸ் அவருக்கு இல்லை. "சாரே சொல்லிட்டாரு" என்று கடைசியில் முணுமுணுத்தார். "பார்த்துப் போடு."

"தம்பி, வேணாம்டா. வேற எடத்துல போடு" என்றாள் செந்தாமரை.

"போக்கா. சாக்கெட்டுதானாம்" என்றான் அர்ச்சுனன். ஒரு பேர் கிடைத்துவிட்டதும் அவன் பயம் போய்விட்ட மாதிரி இருந்தது. பேர் வைத்திருக்கிறார்கள் என்றால் அது அவர்களுக்குத் தெரிந்த சாமான்தானே.

அவள் சட்டியைத் தூக்கிச் சும்மாட்டில் வைத்துக்கொண்டு பள்ளத்தைப் பார்க்க நடந்தாள். பின்னால் ஜம்பர் விழும் சத்தம் கேட்டது. முதலில் மண்ணில் விழுகிற மொத்தைச் சத்தம். இரண்டு, மூன்று. அவள் கழுத்தைத் திருப்ப முடியாமல் நடந்தாள். ஐந்தாவதோ ஆறாவதோ குத்தில் அவளுக்குச் சத்தமே கேட்கவில்லை. முதுகில் யாரோ பலகையால் அறைந்த மாதிரி இருந்தது. கையூன்றி விழுந்தாள். தலையைத் தூக்கியபோது ஜம்பர் கம்பி அவளுக்கு முன்னால், பள்ளத்தின் ஓரத்தில் நின்ற புளிய மரத்தின் கிளையில் வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

கொம்பை யாரும் ஊதவில்லை.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோனார்கள். ஜீப்பை ஓவர்சியரே ஓட்டினார். செந்தாமரை பின் சீட்டில் இருந்தாள். தம்பியின் தலை அவள் மடியில் இருந்தது. அவன் கைகளை அவள் தன் புடவையைக் கிழித்துச் சுற்றியிருந்தாள். சுற்றும்போது எதைச் சேர்த்துச் சுற்றுகிறோம் என்று பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் எட்டு நாள் அவளுக்குப் பயம் ஒரே அளவில் இருந்தது. காலையில் பெரிய டாக்டர் வருவார். பின்னால் ஆறேழு பேர் வருவார்கள். கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு இங்கிலீஷில் பேசுவார்கள். அவள் அவர்கள் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்ப்பாள். யாராவது தலையாட்டினால் அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று நாள் முழுக்க யோசிப்பாள். ஒருநாள் துணிந்து, "சார், கண்ணு எப்பங்க தெரியும்?" என்று கேட்டாள். சின்ன டாக்டர் ஒருவர் நின்று, "பைலேட்டரல் இஞ்சுரிம்மா. ப்ராக்னோசிஸ் இப்ப சொல்ல முடியாது" என்றார். அவர் இரக்கமாகத்தான் சொன்னார். அவள் கும்பிட்டாள்.

வார்டு கூட்டுகிற ரத்தினம்மாள்தான் அன்று மத்தியானம் அவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"உனக்கு யாருமே சொல்லலியா?"

"இல்லம்மா."

"கண்ணு ரெண்டும் எடுத்துட்டாங்க. வந்த அன்னிக்கே. கை ரெண்டும் மணிக்கட்டோட போச்சு. உசுருக்கு ஒண்ணும் இல்ல."

செந்தாமரை வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டாள். ரத்தினம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். போகும்போது சொன்னாள்: "கம்பெனிக்காரங்க பேப்பர் எடுத்துக்கினு வருவாங்க. நா நெறய பார்த்துட்டேன். ரேகை வைக்கறதுக்கு முன்னாடி இன்னா எழுதியிருக்குதுன்னு படிக்கச் சொல்லிக் கேளு. புரியலன்னா திரும்பக் கேளு. இந்தப் புள்ள இனிமே அவங்க குடுக்கற நஷ்டஈட்ட வச்சித்தான் கஞ்சி குடிக்கணும்."

ஒன்பதாம் நாள் மத்தியானம் அவர்கள் வந்தார்கள். ஓவர்சியர், கண்ணாயிரம், வெள்ளை முழுக்கைச் சட்டை போட்ட விசாரணை ஆபீசர் ஒருவர், பையோடு ஒரு குமாஸ்தா. கண்ணாயிரம் ஒரு ரொட்டிப் பொட்டலத்தைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டுச் சுவர் ஓரமாகப் போய் நின்றார். ஒன்பது நாளில் அவருக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

ஆபீசருக்கு ஸ்டூல் போட்டார்கள். அவர் அதட்டவில்லை. தணிந்த குரலில்தான் கேட்டார்.

"நீ அக்காதானே? உனக்குத் தெரிஞ்சதச் சொல்லு."

செந்தாமரை எழுந்து நின்றாள். எட்டு நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. "ஏழு குழி வச்சாங்க சார். ஆறுதான் வெடிச்சுது. நா எண்ணுனேன். சொன்னேன். மறுநாள் குழியில என் மண்ணு இருந்துது. அதையும் சொன்னேன்."

ஆபீசர் ஓவர்சியரின் நோட்டை வாங்கிப் புரட்டினார். "ரெக்கார்டுல ஆல் கிளியர்னு இருக்கேம்மா. டைம் போட்டிருக்கு, இனிஷியல் இருக்கு. நீ கேட்டதா சொல்றது ஒப்பீனியன். எவிடென்ஸ் ஆகாது."

"ஆறுதாங்க சார் கேட்டுது."

"அது டெக்னிகல் விஷயம்மா" என்றார் அவர். பிறகு கட்டில் பக்கம் குனிந்தார். "தம்பி, உன்னை அந்த சாக்கெட்ல டிரில் பண்ணச் சொன்னது ஸ்பெசிஃபிக் இன்ஸ்ட்ரக்‌ஷனா, இல்ல ஜெனரலா?"

அர்ச்சுனனின் முகத்தில் வாயும் மூக்கு நுனியும் மட்டும் கட்டுக்கு வெளியே இருந்தன. உதடு அசைந்தது. "மேஸ்திரி போடச் சொன்னாருங்க."

"அதான், ஸ்பெசிஃபிக்கா சொன்னாரா?"

எதைச் சொன்னால் எது போகும் என்று தெரியாமல் அவன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். சுவர் ஓரத்தில் கண்ணாயிரம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதிலில்லைன்னு போட்டுக்குங்க" என்றார் ஆபீசர் குமாஸ்தாவிடம்.

வாக்குமூலம் முன்னாலேயே டைப் அடித்து வந்திருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் குமாஸ்தா பேனாவால் ஏதோ சேர்த்தார். பையிலிருந்து மைப் பெட்டியை எடுக்கப் போனவரிடம் செந்தாமரை, "படிங்க சார்" என்றாள். அப்படிச் சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. கூட்டிக்கொண்டிருந்த ரத்தினம்மாள் இரண்டு கட்டில் தள்ளி நின்று பார்த்தாள்.

ஆபீசர் தலையசைத்தார். குமாஸ்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கோயிலில் அர்ச்சனை சொல்கிற வேகத்தில் படித்தார்.

"மேற்படி அர்ச்சுனன் என்பவர், வெடிப்பிற்குப் பின் எஞ்சிய துளையினை எக்காரணம் கொண்டும் அணுகலாகாதென மேற்பார்வையாளரால் முன்னெச்சரிக்கை செய்யப்பட்டிருந்தும், அதனைப் புறக்கணித்து, தன்னிச்சையாகவும் சுய அஜாக்கிரதையினாலும் மேற்படி துளையில் கருவியினைச் செலுத்தியதன் விளைவாகவே மேற்படி சம்பவம் நேரிட்டதென்றும், இதில் பிறர் எவர் பேரிலும் யாதொரு பாத்தியதையும் இல்லையென்றும்..."

செந்தாமரை உன்னிப்பாகக் கேட்டாள். சொல் எல்லாம் தமிழ் மாதிரிதான் இருந்தது. ஒன்றைப் பிடிப்பதற்குள் இன்னொன்று ஓடியது. தம்பியின் பேர் பிடிபட்டது. அப்புறம் வெகுதூரத்துக்கு ஒன்றும் இல்லை. நடுவில் ஒரே ஒரு சொல் தெரிந்த சொல்லாக வந்தது. தினமும் காதில் விழுந்த சொல்.

"புரிஞ்சுதாம்மா?" என்றார் ஆபீசர்.

திரும்பக் கேள் என்று ரத்தினம்மாள் சொன்னது நினைவுக்கு வந்தது. இத்தனை பெரிய மனிதர்களை இன்னொரு தடவை படிக்கச் சொன்னால் எழுந்து போய்விடுவார்களோ என்றும் பயமாக இருந்தது. அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டாள்.

"நடுவுல ஜாக்கிரதைன்னு ஒண்ணு வந்துதுங்களே சார். அது என் தம்பியப் பத்தித்தானுங்களா?"

குமாஸ்தா படித்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ஆபீசரைப் பார்த்தார். ஓவர்சியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆபீசர் பேனாவுக்கு மூடி போட்டார்.

"ஆமாம்மா. அவனைப் பத்தித்தான்."

செந்தாமரை மூச்சு விட்டாள். ஒன்பது நாளில் முதல் தடவையாக அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. கட்டிலில் குனிந்து தம்பியின் காதோரம் சொன்னாள். "நீ ஜாக்கிரதையாத்தான் இருந்தேன்னு எழுதியிருக்காங்கப்பா. உன் மேல தப்பு இல்லன்னு."

"சாக்கெட்ட எழுதியிருக்காங்களா?" என்றான் அவன்.

"அது இருக்குப்பா. எஞ்சிய துளைன்னு இருக்கு" என்றார் குமாஸ்தா அவசரமாக.

"அப்ப சரிங்க."

குமாஸ்தா மைப் பெட்டியைத் திறந்துகொண்டு கட்டிலுக்கு வந்தார். வந்தவர் நின்றுவிட்டார். போர்வைக்கு மேலே அர்ச்சுனனின் இரண்டு கைகளும் வெள்ளைத் துணி உருண்டைகளாகக் கிடந்தன. அவர் ஆபீசரைத் திரும்பிப் பார்த்தார்.

"இடது கால் பெருவிரல் எடுங்க. ரூல்ஸ்ல இடம் இருக்கு" என்றார் ஆபீசர்.

கால்மாட்டில் போர்வையை விலக்கினார்கள். ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து ஜன்னலில் வைத்தார்கள். "ஆடாம பிடிச்சுக்கோம்மா" என்றார் குமாஸ்தா. செந்தாமரை தம்பியின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நகக் கண்ணில் பாறைத் தூள் இன்னும் போகாமல் இருந்தது. குமாஸ்தா பெருவிரலில் மையைத் தடவிக் காகிதத்தை அட்டையோடு சேர்த்து அழுத்தினார். முதல் ரேகை சரியாக விழவில்லை. இன்னொரு தடவை தடவினார்.

"இன்னாக்கா அது, சில்லுன்னு?"

"மையிப்பா. ஆட்டாத."

ரேகை விழுந்தது. குமாஸ்தா காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஊதினார். பிறகு ரேகைக்குப் பக்கத்தில், மேற்படி விவரம் முழுவதும் தனக்குப் படித்துக் காட்டப்பட்டு, கேட்டு, புரிந்து, சரியென ஒப்புக்கொண்டார் என்று நிதானமாக எழுதத் தொடங்கினார்.

செந்தாமரை முந்தானையின் நுனியில் எச்சிலைத் தொட்டு, விரல் இடுக்கில் இறங்கிய மையைத் துடைத்தாள். அர்ச்சுனன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"கூசுதுக்கா" என்றான். கட்டுக்குக் கீழே அவன் வாய் சிரித்தது.